அதே ஓட்டு, அன்று முதலிடம், இன்று மூன்றாமிடம்: சிகாகோவின் கட்சியில்லா மேயர் தேர்தல்

2019 பிப்ரவரி 26 அன்று நடந்த சிகாகோ மேயர் தேர்தலின் முதல் சுற்றில் லோரி லைட்ஃபுட் வாங்கிய ஓட்டு 97,667. நான்கு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரி 28 அன்று, பதவியில் இருக்கும் மேயராக அதே தேர்தலில் மறுபடி நின்றார். இம்முறை 94,890. வித்தியாசம் மூவாயிரம்கூட இல்லை. சதவீதக் கணக்கில் 17.5 என்பது 16.8 ஆனது, அவ்வளவுதான். ஆனால் முதல் தடவை அந்த ஓட்டு அவருக்கு முதலிடம் வாங்கித் தந்தது, மேயராக்கியது. இரண்டாம் தடவை ஏறக்குறைய அதே ஓட்டு அவரை மூன்றாமிடத்தில் நிறுத்தி, இரண்டாம் சுற்றுக்குக்கூட விடாமல் வீட்டுக்கு அனுப்பியது.

மறுநாள் வந்த செய்திகள் "மக்கள் மேயரைத் தூக்கி எறிந்தார்கள்" என்ற பாணியில் இருந்தன. பொய்யில்லை. மக்கள் வாக்கால் மேயராகி, மறுபடி நின்று தோற்றவர் என்று பார்த்தால் 1983-இல் தோற்ற ஜேன் பைர்னுக்குப் பிறகு, 40 ஆண்டுகளில் இவர்தான். இருந்தாலும் மேலே உள்ள இரண்டு எண்களை அருகருகே வைத்தால் வேறொரு கேள்வி வருகிறது. அவருக்கு உண்மையில் எப்போது பெரிய ஆதரவு இருந்தது? 2019 ஏப்ரலில் நடந்த இரண்டாம் சுற்றில் 73.7 சதவீதம் வாங்கினார், நகரின் 50 வார்டுகளிலும் முந்தினார். அந்த 73.7-ஐ எல்லாரும் மக்கள் கொடுத்த ஆணையாக எடுத்துக்கொண்டார்கள், அவரும் சேர்த்து. அது அவருடைய சொந்த ஓட்டு அல்ல. தேர்தல் முறை கடனாகக் கொடுத்தது. கடன் திரும்பக் கேட்கப்பட்டது 2023-இல்.

அந்த முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிகாகோ மேயர் தேர்தலின் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, சின்னம் கிடையாது. பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கும். கட்சி இல்லாத விஷயத்தில் தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் மாதிரிதான். கட்சி இல்லை என்பது சீட்டில் மட்டும், ஊரில் யார் எந்தப் பக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். பிப்ரவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை முதல் சுற்று. பாதிக்கு மேல் ஒருவர் வாங்கிவிட்டால் அத்தோடு முடிந்தது. இல்லையென்றால் முதல் இரண்டு பேர் மட்டும் ஏப்ரலில் மோத வேண்டும். மேயர் இத்தனை முறைதான் இருக்கலாம் என்ற வரம்பு கிடையாது. ரிச்சர்ட் எம். டேலி 1989 முதல் 2011 வரை 22 ஆண்டு இருந்தார்.

போட்டியில் நிற்க 12,500 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். கேட்க எளிதாகத் தெரியும். உண்மையில் களத்தில் இருப்பவர்கள் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு திரட்டிக்கொண்டுதான் வருவார்கள். ஏனென்றால் மனு தாக்கல் முடிந்த கையோடு ஒருவர் மனுவை இன்னொருவர் ஆட்சேபிக்கத் தொடங்கிவிடுவார். தேர்தல் ஆணையத்தில் ஊழியர்கள் கணினித் திரைமுன் உட்கார்ந்து, மனுவில் உள்ள ஒவ்வொரு கையெழுத்தையும் வாக்காளர் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். இந்த முகவரியில் இவர் இல்லை, இது அந்தக் கை இல்லை என்று வரி வரியாக அடிபடும். இரு தரப்பு ஆட்களும் பக்கத்தில் நின்று வாதாடுவார்கள். ஒரு ஓட்டு விழுவதற்கு முன்பே ஆட்டத்திலிருந்து ஆட்களை வெளியேற்றும் கலை சிகாகோவில் ஒரு தனித் தொழில். இதற்கென்றே பேர்போன வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். சீட்டில் முதல் பெயராக வருவதற்கும் போட்டி உண்டு. தாக்கல் தொடங்கும் நாள் காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குள் குலுக்கல் போட்டு முதல் இடத்தைத் தருவார்கள். கடைசிப் பெயராக இருப்பதும் கண்ணில் படும் என்று நம்புகிறவர்கள் கடைசி நாளின் கடைசி மணி நேரம்வரை காத்திருப்பார்கள்.

கட்சியை ஏன் எடுத்தார்கள்? அமெரிக்காவின் பெரிய நகரங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் மேயரைத் தேர்ந்தெடுக்கின்றன. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா போன்றவைதான் கட்சி அடிப்படையில் நடத்துகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தக்காரர்கள் சொன்ன நியாயம் எளிமையானது: குப்பை அள்ளுவதிலும் தெருப் போடுவதிலும் இந்தக் கட்சி வழி, அந்தக் கட்சி வழி என்று என்ன இருக்கிறது? நகர நிர்வாகத்தைக் கட்சித் தரகர்களிடமிருந்து பிரித்தால் ஊழல் குறையும் என்று நம்பினார்கள். சிகாகோவிலும் மாமன்ற உறுப்பினர் தேர்தல் 1920கள் முதலே கட்சியில்லாமல்தான் நடக்கிறது. மேயர் பதவியை மட்டும் விட்டுவைத்தார்கள். அதைத் தொட்ட கதை சீர்திருத்தக் கதை அல்ல.

1931-க்குப் பிறகு சிகாகோவுக்குக் குடியரசுக் கட்சி மேயர் வரவேயில்லை. ஆகவே பொதுத் தேர்தல் ஒரு சடங்கு. உண்மையான சண்டை ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் முடிவுசெய்யும் தேர்தலில். 1979 ஜனவரியில் ஊரையே மூடிய பனிப்புயலில் தெருக்களைச் சுத்தம் செய்ய முடியாமல் மேயர் மைக்கேல் பிலாண்டிக் திணறினார். நெரிசலைச் சமாளிக்க நகர ரயில்களைக் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிறுத்தாமல் ஓட்டினார்கள். அடுத்த மாதம் நடந்த உட்கட்சித் தேர்தலில் ஜேன் பைர்ன் அவரைத் தோற்கடித்தார். நகரின் முதல் பெண் மேயர்.

நான்கு ஆண்டில் பைர்னின் முறை வந்தது. 1983 உட்கட்சித் தேர்தலில் மேயர் பைர்ன், பழைய மேயர் டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி, கறுப்பினத் தலைவர் ஹரோல்ட் வாஷிங்டன் என மூன்று பேர். வெள்ளையர் ஓட்டை பைர்னும் டேலியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வாஷிங்டன் ஏறத்தாழ 36 சதவீதத்தில் ஜெயித்தார். பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதி அன்று இல்லை. யார் அதிகமோ அவர்தான். அதன்பின் நடந்த பொதுத் தேர்தலில், வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் கட்சிக்குப் போடும் வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டன் பக்கம் போனார்கள். "காலம் கடந்துவிடும் முன்" என்பதுதான் எப்டனுடைய விளம்பர வாசகம். எதற்கு முன் என்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. வாஷிங்டன் 52 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கித் தப்பினார்.

ஓட்டுப் பிரிந்ததால்தான் அவர் வந்தார், பிரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்ற கணக்கு அப்போதே பிறந்தது. 1986-இல் மேயர் தேர்தலைக் கட்சியில்லாததாக்கி, இரண்டாம் சுற்று வைக்கும்படி பொதுவாக்கெடுப்புக்குக் கையெழுத்து வேட்டை நடந்தது. வாஷிங்டன் அசரவில்லை. ஒரு வாக்குச்சீட்டில் மூன்று பொதுவாக்கெடுப்புக் கேள்விகளுக்குமேல் இடமில்லை என்பது விதி. அவருடைய ஆட்கள் மாமன்றத்தில் வேறு மூன்று கேள்விகளைத் தீர்மானமாக நிறைவேற்றி இடத்தை நிரப்பிவிட்டார்கள். சிகாகோ அரசியலில் எனக்குப் பிடித்த காய்நகர்த்தல் இதுதான். மறு ஆண்டு அவர் மறுபடி வென்றார், அந்த ஆண்டு நவம்பரிலேயே பதவியில் இருக்கும்போது மாரடைப்பில் இறந்தார்.

1994 இறுதியில் நடந்த தேர்தலில் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையும் குடியரசுக் கட்சிக்குப் போய், இரு அவைகளும் அவர்கள் கைக்கு வந்தன. ஆளுநரும் அவர்கள் ஆள். 1995-இல் மேயர் தேர்தலைக் கட்சியில்லாததாக்கி இரண்டாம் சுற்று வைக்கும் சட்டம் வந்துவிட்டது. அந்தக் கட்சிக்கு சிகாகோவில் இழக்க ஒன்றும் இருக்கவில்லை. அதே 1995 மேயர் தேர்தலில் அவர்கள் சார்பில் நின்றவர் முன்பு கோமாளி வேடம் போட்டுப் பிழைத்தவர். வாங்கியது மூன்று சதவீதம் அளவில். கறுப்பினத் தலைவர்கள் மட்டும் இதை நேராகவே சொன்னார்கள்: இன்னொரு ஹரோல்ட் வாஷிங்டன் வரக்கூடாது என்பதற்கான சட்டம் இது. புதிய முறையில் முதல் தேர்தல் 1999-இல். அதில் டேலி 70 சதவீதத்துக்குமேல் வாங்கினார். அவர் இருந்தவரை இரண்டாம் சுற்று என்ற ஒன்று சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

பதவியில் இருக்கும் மேயருக்கு இந்த முறை என்ன செய்கிறது என்று முதலில் காட்டியது 2015. ராம் எமானுவேல் பணபலம் உள்ளவர், ஒபாமாவின் தலைமை அதிகாரியாக இருந்தவர். 2013-இல் ஒரே மூச்சில் ஏறத்தாழ 50 அரசுப் பள்ளிகளை மூடியிருந்தார். அதை மறக்காத ஆசிரியர் சங்கம், தன் தலைவி கேரன் லூயிஸ் மூளைக்கட்டியால் போட்டியிட முடியாமல் போனபோது, ஹெசூஸ் 'சூயி' கார்சியாவை நிறுத்தியது. முதல் சுற்றில் எமானுவேலுக்கு 45.6 சதவீதம். உட்கட்சித் தேர்தல் காலமாக இருந்தால் அது வெற்றி. இப்போது அது அவமானம். மேயருக்குப் பாதிப்பேர்கூட இல்லை என்று நாடு முழுக்கச் செய்தி. வாய்த்துடுக்குக்குப் பேர்போன மனிதர், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிவி விளம்பரத்தில் வந்து, நான் சில நேரம் ஆட்களைக் கடுப்பேற்றிவிடுகிறேன், கேட்க வேண்டிய இடத்தில் பேசிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 7 அன்று 56 சதவீதம் வாங்கித் தப்பினார்.

எட்டு நாளில் மாமன்றம் ஒரு செட்டில்மென்டுக்கு ஒப்புதல் தந்தது. 2014 அக்டோபரில் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் ஒருவர் 16 முறை சுட்டுக் கொன்றிருந்தார். குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர். சுட்டதைக் காட்டும் வீடியோவை நகராட்சி வெளியிடாமல் வைத்திருந்தது. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு 2015 நவம்பரில்தான் அது வெளியே வந்தது. தேர்தலுக்கு முன்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிகாகோவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். எமானுவேல் 2018 செப்டம்பரில், இனி நிற்கவில்லை என்று அறிவித்துவிட்டார். அந்தக் கொலைக்குப் பிறகு காவல்துறையை விசாரிக்க அவரே அமைத்த குழுவின் தலைவர் லோரி லைட்ஃபுட். முன்னாள் மத்திய அரசு வழக்கறிஞர். தேர்தலில் நின்றதில்லை, பின்னால் அமைப்பு இல்லை.

நாற்காலி காலி என்றதும் 14 பேர் இறங்கினார்கள். பெரிய பெயர்கள் எல்லாம் பழைய வலைப்பின்னலைச் சேர்ந்தவை. 2019 ஜனவரி முதல் வாரத்தில் அந்த வலையின் நடுப்புள்ளி வெடித்தது: மாமன்றத்தில் அரை நூற்றாண்டு கோலோச்சிய எட் பர்க் மீது மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாக மத்திய அரசு வழக்கு. தன் வார்டில் கடையைப் புதுப்பிக்க அனுமதி கேட்ட பர்கர் கிங் உரிமையாளர்களிடம், வரி வழக்குகளை என் சட்ட நிறுவனத்துக்குத் தாருங்கள் என்று நெருக்கினார் என்பது குற்றச்சாட்டு. (2023 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.) முன்னணியில் இருந்த டோனி பிரெக்விங்கிள், பில் டேலி உள்ளிட்டவர்கள் பர்க்குக்கு ஏதோ ஒரு விதத்தில் வேண்டியவர்கள். வேண்டாதவர் லைட்ஃபுட் ஒருவர்தான் என்று தெரிந்ததும் ஏரிக்கரையோர வடபகுதி வெள்ளையின முற்போக்கு வாக்காளர்கள் கடைசி வாரங்களில் அவர் பக்கம் சாய்ந்தார்கள். 14 பேரில் 17.5 சதவீதம் போதுமானதாக இருந்தது. இரண்டாமிடம் 16.1 சதவீதத்தில் பிரெக்விங்கிள். சிகாகோ அடங்கிய குக் கவுண்டியின் மன்றத் தலைவராகக் குளிர்பானங்களுக்கு வரி போட்டு ஊர் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கியிருந்தவர். இரண்டாம் சுற்றில் 73.7 சதவீதம் வந்ததில் ஆச்சரியமில்லை. அதில் பெரும்பகுதி பிரெக்விங்கிளுக்கு எதிரான ஓட்டு, பர்க்குக்கு எதிரான ஓட்டு.

அந்த ஆண்டுகளில் சிகாகோ மேயர் கையில் போலீஸ், பள்ளிக் கல்வி வாரியம், போக்குவரத்து, நூலகம் எல்லாமே இருந்தன. ஆகவே எதற்கும் அவர்தான் பொறுப்பு. லைட்ஃபுட் பதவியேற்ற ஐந்தாம் மாதம் ஆசிரியர் வேலைநிறுத்தம். 11 வகுப்பு நாட்கள் போயின. பிறகு கொரோனா. ஆரம்பத்தில் ஊரடங்கை மீறுபவர்களை முறைத்துப் பார்க்கும் அவருடைய முகம் மீம்களில் ஓடி, ஒரு செல்லப் புகழ்கூடக் கிடைத்தது. 2020 மே இறுதியில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு எதிரான போராட்டம் நகர மையத்துக்கு வந்தபோது, சிகாகோ ஆற்றின் மேலுள்ள பாலங்களைத் தூக்கி வைத்தார்கள். போராட்டக்காரர்களுக்கு அது தங்களைச் சிறைவைத்ததாகத் தெரிந்தது. கடைக்காரர்களுக்கு அதுவும் போதவில்லை, ஆகஸ்டில் மறுபடி கொள்ளை நடந்தது. 2021-இல் கொலைகள் 800-ஐ நெருங்கின, கால் நூற்றாண்டில் காணாத அளவு. 2022-இல் 700-க்குக் கீழே இறங்கியதைக் கவனிக்க யாருக்கும் மனமில்லை.

இவை எந்த மேயருக்கும் வரக்கூடிய கஷ்டங்கள். அவரைத் தனியாகப் பிடித்து இழுத்தவை, அவரே கொடுத்த வாக்குறுதிகள். மக்களே தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம் வேண்டும் என்று 2019-இல் சொன்னவர், மாநிலம் 2021-இல் அதைச் சட்டமாக்கியபோது எதிர்த்தார். போலீஸ் வெளிப்படைத்தன்மை அவருடைய அடையாளம். போலீசார் தவறான வீட்டுக்குள் புகுந்து, உடையில்லாமல் நின்ற ஒரு பெண்ணைக் கைவிலங்கோடு நிறுத்திய வீடியோவை டிவி ஒளிபரப்ப முனைந்தபோது, அவருடைய நகராட்சி வழக்கறிஞர்களே அதைத் தடுக்க நீதிமன்றம் போனார்கள். சம்பவம் நடந்தது எமானுவேல் காலத்தில். மறைக்கப் போன பழி இவர் மீது. அபராதங்கள் ஏழைகளை நசுக்குகின்றன என்று பிரசாரம் செய்தவர் ஆட்சியில், 2021 மார்ச் முதல், பூங்கா, பள்ளி அருகே உள்ள கேமராக்கள் மணிக்கு ஆறு மைல் கூடுதலாகப் போனாலே 35 டாலர் அபராதச் சீட்டை வீட்டுக்கு அனுப்பின. கொலை எண்ணிக்கை செய்தித்தாளில் வருவது. இந்த 35 டாலர் சீட்டு தபால்பெட்டியில் வருவது. தேர்தலில் எது அதிகம் வேலை செய்யும் என்று வார்டு ஆட்களுக்குத் தெரியும். அதை நீக்க 2022-இல் மாமன்றத்தில் நடந்த முயற்சியை அவர் தோற்கடித்தார். ஜெயித்திருக்க வேண்டாத சண்டை.

கட்சி அடிப்படையிலான தேர்தலாக இருந்தால் இந்த இடத்தில் அவருக்கு ஒரு குடை கிடைத்திருக்கும். மேயரைப் பிடிக்காத ஜனநாயகக் கட்சிக்காரர்கூட, நம் கட்சி மேயராயிற்றே என்று யோசிப்பார். கட்சியின் வார்டு நிர்வாகிகளுக்கு அவரைக் காப்பாற்ற ஒரு காரணம் இருக்கும். பெயர் மட்டும் உள்ள சீட்டில் அந்தக் குடை கிடையாது. அதோடு, எதிர்த்து நிற்பவர்கள் அவரை முந்தத் தேவையில்லை. இரண்டாமிடம் வந்தாலே போதும், அப்புறம் ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம். பலவீனமான மேயர் என்று தெரிந்தால் எட்டுப் பேர் இறங்குவது இதனால்தான்.

2023-இல் இறங்கியதும் எட்டுப் பேர்தான், அவரோடு ஒன்பது. அதில் ஏழு பேர் கறுப்பினத்தவர். 1983-இல் வெள்ளையர் ஓட்டுப் பிரிந்தது போல இப்போது கறுப்பினத்தவர் ஓட்டுப் பிரியும் நிலை. தொழிலதிபர் வில்லி வில்சன் பெட்ரோல் இலவசமாக ஊற்றி ஊர் முழுக்கப் பேர் வாங்கியவர். கடைசியில் 9 சதவீதம் எடுத்தார். வாஷிங்டன் இறந்த பிறகு மாமன்றம் மேயராக்கிய யூஜின் சாயரின் மகன் ரோடரிக் சாயரும் நின்றார், அரை சதவீதம்கூட வரவில்லை.

எதிரில் தெளிவான ஓட்டு வங்கியோடு நின்றவர்கள் இரண்டு பேர். பால் வாலஸ், பழைய டேலி காலத்துக் கல்வித்துறைத் தலைவர். 2019-இல் வெறும் 5 சதவீதம் வாங்கியவர், இப்போது குற்றம், குற்றம் என்ற ஒரே பல்லவியோடு போலீஸ் சங்கத்தின் ஆதரவில் நின்றார். ஒன்பது பேரில் வெள்ளையர் அவர் ஒருவர்தான். இன்னொருவர் பிரண்டன் ஜான்சன், முன்னாள் ஆசிரியர், ஆசிரியர் சங்கத்தின் ஊழியர், குக் கவுண்டி மன்ற உறுப்பினர். நவம்பரில் அவர் பெயர் பலருக்குத் தெரியாது. ஆசிரியர் சங்கமும் பிற ஊழியர் சங்கங்களும் பணமும் வீடு வீடாகப் போகும் ஆட்களும் தந்தன. கட்சியை வாக்குச்சீட்டிலிருந்து எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்காது. யாரிடம் ஆள் இருக்கிறதோ, பணம் இருக்கிறதோ, அந்த அமைப்பு கட்சியாகிவிடும். சிகாகோவில் இப்போது போலீஸ் சங்கம் ஒரு கட்சி, ஆசிரியர் சங்கம் ஒரு கட்சி. இரண்டுக்கும் நடுவில் நின்ற லைட்ஃபுட்டுக்கு இரண்டோடும் சண்டை.

அவர் செய்த பிரசாரத்தைப் பார்த்தால், பதவியில் இருக்கும் மேயர் இரண்டாமிடத்துக்காக மல்லுக்கட்டியதுதான் தெரியும். வாலஸ் ஒரு இடத்தை எடுத்துவிடுவார் என்று கணித்து, மற்ற இடத்துக்கு ஆபத்து கார்சியா என்று முடிவுகட்டினார் (2015-இல் எமானுவேலை எதிர்த்த அதே கார்சியா). கிரிப்டோ மோசடியில் சிக்கிய சாம் பேங்க்மன் ஃப்ரைடோடு கார்சியாவை முடிச்சுப் போட்டு விளம்பரத்தில் பணத்தைக் கொட்டினார். கார்சியா சரிந்தார். ஆனால் அங்கிருந்து நகர்ந்த முற்போக்கு ஓட்டு ஜான்சனிடம் போய்ச் சேர்ந்தது. லைட்ஃபுட் துப்பாக்கியை ஜான்சன் பக்கம் திருப்பியபோது நேரம் போய்விட்டது. கடைசி வாரங்களில் தென்பகுதிக் கூட்டம் ஒன்றில், எனக்குப் போடாத ஓட்டு கார்சியாவுக்கோ வாலஸுக்கோ போடும் ஓட்டு, உங்கள் தலைவிதியை அவர்கள் தீர்மானிக்கட்டும் என்றால் வீட்டிலேயே இருங்கள் என்ற பொருளில் பேசிவிட்டு, பிறகு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

முடிவு: வாலஸ் 32.9, ஜான்சன் 21.6, லைட்ஃபுட் 16.8, கார்சியா 13.7. வரைபடத்தைப் பார்த்தால்தான் அந்த 94,890 எப்படிப்பட்ட ஓட்டு என்று புரியும். 2019-இல் அவரைத் தூக்கிவிட்ட வடக்கு ஏரிக்கரை வார்டுகள் வாலஸுக்கும் ஜான்சனுக்கும் போய்விட்டன. இம்முறை அவர் முந்தியவை தெற்கிலும் மேற்கிலும் உள்ள கறுப்பின வார்டுகள். 2019 முதல் சுற்றில் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத வார்டுகள். நான்கு ஆண்டு ஆட்சியில் ஒரு ஓட்டு வங்கியை முழுதாக இழந்து, இன்னொன்றை அதே அளவில் சம்பாதித்திருந்தார். 14 பேர் போட்டியில் போதுமாக இருந்த அளவு ஒன்பது பேர் போட்டியில் போதவில்லை. அவ்வளவு நெருக்கமான கணக்கு இது. எதிர்த்து நிற்பவர்கள் யார், எத்தனை பேர் என்பது, மேயர் எப்படி ஆண்டார் என்பதற்குச் சமமாகத் தீர்மானிக்கிறது.

ஏப்ரல் 4 இரண்டாம் சுற்றில் கட்சி பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. வாலஸும் ஜான்சனும் இருவருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான். ஆனால் 2009-இல் வாலஸ் ஒரு டிவி பேட்டியில், தான் ஜனநாயகக் கட்சியைவிடக் குடியரசுக் கட்சிக்குத்தான் நெருக்கம் என்று சொல்லியிருந்தார். ஜான்சன் தரப்பு அந்தத் துணுக்கை ஓயாமல் ஓட்டியது. வாக்குச்சீட்டில் அச்சிட முடியாததை டிவியில் அச்சிட்டார்கள். பதிலுக்கு வாலஸ் தரப்பு, போலீஸ் நிதியைக் குறைப்பது பற்றி ஜான்சன் 2020-இல் பேசியதை எடுத்துப் போட்டது. பெரிய தலைகள் பிரிந்து நின்றன: செனட்டர் டிக் டர்பின் வாலஸுக்கு, பெர்னி சாண்டர்ஸும் எலிசபெத் வாரனும் ஜான்சனுக்கு. கார்சியாவும் ஜான்சனுக்கு. லைட்ஃபுட் யாரையும் ஆதரிக்கவில்லை. முதல் சுற்றைவிட வாலஸுக்கு ஏறத்தாழ 1.07 லட்சம் ஓட்டுக் கூடியது, ஜான்சனுக்கு 1.97 லட்சம். லைட்ஃபுட்டுக்குப் போட்ட கறுப்பின வார்டுகள் பெரும்பாலும் இவரிடம் வந்தன. 52.2க்கு 47.8 என்று ஜான்சன் ஜெயித்தார்.

இன்னொரு வாஷிங்டன் வரக்கூடாது என்று செய்த சட்டம் என்றார்களே, அந்தச் சட்டத்தின் கீழ் அடுத்தடுத்து இரண்டு கறுப்பின மேயர்கள் வந்திருக்கிறார்கள். அதில் ஜான்சன் முதல் சுற்றில் பத்துச் சதவீதத்துக்குமேல் பின்தங்கியிருந்தவர். பழைய முறையாக இருந்தால் வாலஸ்தான் மேயர். தேர்தல் விதியைத் தன் லாபத்துக்கு வளைப்பவர்கள், இருபது ஆண்டு கழித்து அது யார் கையில் என்ன ஆகும் என்று கணிக்க முடியாமல் போவது இப்படித்தான்.

வேறு முறை இருந்தால் லைட்ஃபுட் பிழைத்திருப்பாரா? ஒரே சீட்டில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்திப் போடும் முறையைச் சிலர் சொல்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் அது இருக்கிறது, கட்சியும் கிடையாது. அங்கே 2024 நவம்பரில் மேயர் லண்டன் பிரீட் டேனியல் லூரியிடம் தோற்றார். மேயர் மீது கோபம் இருக்கும் ஊரில் இரண்டாம் விருப்பமும் அவருக்கு வராது. லைட்ஃபுட்டுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. வாலஸுக்குப் போட்டவரும் ஜான்சனுக்குப் போட்டவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அவர் வேண்டாம் என்பது.

2023 மே மாதம் பதவியேற்ற ஜான்சனின் சொந்த ஓட்டு 21.6 சதவீதம். மீதி இரண்டாம் சுற்றில் வந்த கடன். சொத்து வரியை ஏற்றமாட்டேன் என்று சொல்லி ஜெயித்தவர், 2024 இறுதியில் 30 கோடி டாலர் சொத்து வரி உயர்வை மாமன்றத்தின் முன் வைத்தார். 50-க்கு 0 என்று மன்றம் அதை நிராகரித்தது. அவருடைய ஆட்களே அவருக்காகக் கை தூக்கவில்லை. ஆசிரியர் சங்கத்துக்குச் சாதகமாக நடக்கிறார் என்ற குற்றச்சாட்டின் நடுவே, அதே ஆண்டு அக்டோபரில் அவர் நியமித்த கல்வி வாரியமே மொத்தமாக ராஜினாமா செய்தது. அடுத்த மேயர் தேர்தலின் முதல் சுற்று 2027 பிப்ரவரி 23. அதற்கு முந்தைய நவம்பரில் மனு தாக்கல் முடியும்போது சீட்டில் நாலு பெயர் மிஞ்சுகிறதா, பதினாலு பெயரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.